படகிலே ஓர் ஊட்டி

கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு பெரியவர் கடிதம் போட்டிருக்கிறார். சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணிக்கு முன்னால் வருகிற ஊர் அது. பஸ்ஸில் திருப்பதி போகிற நேயர்களில் பாதிப் பேர் அந்த ஊரைத் தூக்கத்திலேயே கடந்திருப்பார்கள். கால்நடையாகப் போகிறவர்களுக்கு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கும்.

கடிதத்தின் சாராம்சம் இதுதான். அவருடைய இளைய பிள்ளை ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனத் தொழில் படித்துவிட்டு, திருத்தணியில் வீடு வீடாகப் போய் ஏ.சி. பழுது பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது ஆலப்புழையில் படகு வீடுகளின் ஏ.சி.களைக் கவனித்துக்கொள்ளும் வேலை கிடைத்துவிட்டது. எல்லைப்புறத்துப் பிள்ளை, தமிழும் தெலுங்கும் வீட்டிலேயே வந்துவிட்டன, மலையாளம் மூன்றாவது பாஷையாக வந்து சேரும். அதைப் பற்றித் தகப்பனாருக்குக் கவலை இல்லை. படகுக்கு ஏ.சி. எதற்கு, தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருக்கலாமா, பிள்ளைக்கு நீந்தவும் தெரியாதே, இதில் பயப்படவேண்டியது எது, பயப்படவேண்டாதது எது என்று கேட்கிறார்.

நீச்சலுக்கு நான் ஒன்றும் செய்யமுடியாது, ஐயா. முதல் மாதச் சம்பளம் வாங்குவதற்குள் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற விஷயங்களை நம் நேயர்கள் எல்லோருமே தெரிந்துகொள்ளலாம். ஆலப்புழைக்கு உல்லாசப் பயணம் போகிற குடும்பங்கள் இன்று ஏராளம். படகில் படுத்துத் தூங்கப்போகிறவர்கள் அவர்கள்தானே?

படகுக்கு ஏ.சி. எதற்கு என்று திருத்தணிப் பக்கத்துக்காரர் கேட்பதுதான் வேடிக்கை. கோடை நாட்களில் வானிலை நிலையத்தார் வெளியிடும் பட்டியலில் திருத்தணியின் பெயர் தவறாமல் இடம்பெறும். 40 டிகிரி செல்ஸியஸைத் தாண்டுவது அங்கே ஒரு செய்தியே அல்ல. ஆனால் அந்த வெயில் வறண்ட வெயில். வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டால் ராத்திரி கண்ணயர்ந்துவிடலாம். வேம்பநாட்டுக் காயலில் சங்கதி வேறு. வெயில் நம் ஊர் அளவுக்கு இல்லாவிட்டாலும் காற்றிலே ஈரம் ததும்புகிறது. மீனவர்கள் வலை போடுவதற்காகச் சாயங்காலமே படகு வீடுகளைக் கரையோரம் கட்டிவிடவேண்டும். கட்டின படகில் காற்றோட்டம் ஏது? கொசு வேறு. ஜன்னலைச் சாத்தினால் வியர்வை, திறந்தால் கொசு. அதனால்தான் சாதாரணமாக இரவு ஒன்பது மணிக்கு ஏ.சி.யைப் போட்டு, விடியற்காலை ஆறு மணிக்கு அணைக்கிற வழக்கம் அங்கே ஏற்பட்டிருக்கிறது.

குளிரைக் கப்பலில் ஏற்றுவது ஒன்றும் புதிதல்ல. 1833-ஆம் வருஷம் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'டஸ்கனி' என்ற பாய்மரக் கப்பல் 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. பிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளிலிருந்து அறுத்தெடுத்த கட்டிகளை அனுப்பினார். நான்கு மாதப் பயணம். பூமத்தியரேகையை இரண்டு தடவை தாண்டியாகவேண்டும். அப்படியும் ஏறக்குறைய 100 டன் கரையாமல் கல்கத்தா வந்து சேர்ந்தது என்றால் நம்புவீர்களா? சென்னைக்கும் அந்தச் சரக்கு வந்தது. அதைச் சேமித்து வைக்க 1842-இல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான், 1897-இல் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதன் காரணமாக இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது.

டியூடரின் கப்பலில் யந்திரம் எதுவும் கிடையாது. உஷ்ணம் உள்ளே புகாதபடி பொதிந்து வைத்ததுதான் அவருடைய வித்தை. இன்றைய படகு ஏ.சி.க்கும் முதல் பராமரிப்பு அந்த வித்தைதான். யந்திரத்தைத் தொடவே வேண்டியதில்லை. ஆலப்புழையின் கெட்டுவள்ளம் ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லை ஏற்றிச் சென்ற படகு. ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. மேலே மூங்கிலும் பாயும் வேய்ந்த கூரை. நெல் மூட்டைக்கு அது தாராளமாகப் போதும், குளிருக்குப் போதாது. அறையின் உட்புறம் கூரைக்கும் பலகைக்கும் நடுவே விரற்கடை இடைவெளி இருந்தாலும், உள்ளே இருக்கிற குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் காயலைச் சேர்ந்துவிடும். யந்திரத்தைக் குறை சொல்லுமுன் பகல் வெளிச்சத்தில் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்திப் பார்க்கவேண்டும். எங்கெல்லாம் வெளிச்சம் கீற்றாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் ராத்திரி பணம் ஒழுகுகிறது. (பணம் மட்டும் அல்ல. அந்த இடைவெளி வழியாக உள்ளே வரக்கூடிய ஒரு விருந்தாளியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.)

'ஒன்றரை டன் ஏ.சி.' என்கிறோமே, அந்த டன் என்ன என்று பலருக்குத் தெரியாது. யந்திரத்தின் எடை என்று நினைத்துச் சுவர் தாங்குமா என்று விசாரித்தவர்கள் உண்டு! அது பனிக்கட்டிக் காலத்து அளவு. ஒரு டன் பனிக்கட்டி, அதாவது 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளுமோ அவ்வளவு உஷ்ணத்தை வெளியேற்றும் யந்திரம் 'ஒரு டன்' யந்திரம். மீன்பிடித் துறைமுகத்தில் ஏற்றுகிற ஐஸ் பாறை ஒவ்வொன்றும் 50 கிலோ என்று வைத்துக்கொண்டால், 18 பாறைகள். படகின் சிறிய படுக்கையறைக்குள் தினமும் 18 ஐஸ் பாறைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பதற்குச் சமானமான காரியத்தை, கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிற அந்த வெள்ளைப் பெட்டி செய்கிறது.

எப்படிச் செய்கிறது? கிராமத்து நேயர்களுக்கு இதை விளக்குவது மகா சுலபம். கிணற்றில் ஏற்றம் இறைப்பதைப் பார்த்தவர்கள்தானே? தண்ணீர் தானாக மேலே ஏறாது. சாலை உள்ளே விட்டு மொண்டு, இழுத்து, வாய்க்காலில் கொட்டவேண்டும். உஷ்ணமும் குளிர்ந்த அறையிலிருந்து வெப்பமான வெளிக்குத் தானாகப் போகாது. அதை மொண்டு கொட்டுகிற சால்தான் குழாய்க்குள் ஓடுகிற காஸ். இழுக்கிற ஆள் கம்ப்ரஸர். வெளியே இருக்கிற கண்டென்ஸர்தான் வாய்க்கால்.

இந்த உவமையை மனத்தில் வைத்துக்கொண்டால் ஏ.சி. வைத்தியத்தில் பாதி கைவசமாகிவிடும். இறைத்த தண்ணீர் ஓட வாய்க்கால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? எத்தனை இறைத்தாலும் கிணற்றடியிலேயே தேங்கும். இறைக்கிறவன் களைத்து விழுவான். படகு ஏ.சி.களில் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வாய்க்கால் அடைப்புதான். ஆனால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? "காஸ் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது" என்று காஸ் நிரப்ப ஆள் அனுப்புகிறோம். காஸ் என்பது அடுப்பெரிக்கிற காஸ் அல்லவே, தீர்ந்துபோவதற்கு! இறைக்க இறைக்கச் சால் கரைந்துவிடுமா? குழாயில் ஓட்டை விழுந்தாலொழிய காஸ் ஒரு பொட்டும் குறையாது. ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் காஸ் நிரப்புகிற ஆசாமி உங்களிடமிருந்து வருஷாந்திர மானியம் வாங்குகிறார் என்று அர்த்தம். வாய்க்கால் அடைத்திருக்கிறபோது காஸை மேலும் நிரப்பினாலோ, உள்ளே அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் இன்னும் சீக்கிரம் மூச்சுத் திணறும்.

சரி, படகில் வாய்க்கால் எங்கே இருக்கிறது? இரண்டு ஜாதி உண்டு. ஆலப்புழைப் படகு வீடுகளில் பெரும்பாலும் நம் வீடுகளில் இருக்கிற அதே 'ஸ்பிளிட்' ஏ.சி.தான், உஷ்ணத்தைக் காற்றிலே கொட்டுவது. கொச்சி போல்காட்டித் தீவின் மரினா போன்ற இடங்களில் வந்து தங்குகிற கடலோடிப் படகுகளில் வேறு ஜாதி. அது உஷ்ணத்தைக் கடல்நீரிலே கொட்டும்.

பெரியவரின் பிள்ளைக்கு முதல் ஜாதி பழக்கமானது. ஆனால் திருத்தணியில் அது சுவரில் அசையாமல் இருந்தது. இங்கே அதற்கு மூன்று புதிய உபத்திரவங்கள். முதலாவது உப்பு. வேம்பநாட்டுக் காயலில் கடல்நீர் ஏறுகிற காலம் உண்டு; நெல் வயலைக் காப்பதற்காகவே தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டி, வறண்ட மாதங்களில் மதகை மூடிவைக்கிறார்கள். உப்புக் காற்று பட்டால் வெளி யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பூத்து, தொட்டால் பொடியாக உதிரும். மின்சாரத்தை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால், வேகம் அதிகமில்லாமல், தகடு மடங்காதபடி அடிக்கடி கழுவவேண்டும். கையெட்டும் தூரத்தில் காயல் இருக்கிறதே என்று அந்த நீரை வாளியில் மொண்டு ஊற்றிவிடக்கூடாது! உப்பைக் கழுவ உப்பை ஊற்றின கதைதான்.

இரண்டாவது அதிர்ச்சி. படகின் எஞ்சினும் ஜெனரேட்டரும் ஓடும்போது பலகை முழுவதும் நடுங்கிக்கொண்டே இருக்கும். செப்புக் குழாய்களின் இணைப்பு, நட்டு போட்டு முறுக்கின இடம், நாளடைவில் தளரும் அல்லது விரிசல் விடும். நான் சொன்ன அந்த ஓட்டை விழுகிற இடம் பெரும்பாலும் இதுதான். சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தால் குமிழி விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். யூனிட்டுக்கு அடியில் இருக்கிற ரப்பர் மெத்தைகள் இறுகிப்போயிருந்தால் மாற்றிவிடவேண்டும், சில்லறைக் காசு.

மூன்றாவதுதான் படகுக்கே உரியது. சுவரில் இருக்கிற பெட்டி மட்டம் பார்த்து மாட்டப்பட்டிருக்கும். படகு மட்டமாகவா இருக்கிறது? கல்யாணக் கோஷ்டி முழுவதும் சூரியாஸ்தமனம் பார்க்க ஒரு பக்கம் போய் நின்றால் படகு அந்தப் பக்கம் சாயும். குடிநீர்த் தொட்டி பாதி காலியானால் இன்னொரு பக்கம் சாயும். பெட்டிக்குள் சொட்டுகிற தண்ணீர் வடிகுழாய்க்குப் போகாமல் எதிர்ப்பக்கமாக வழிந்து, நேரே கட்டிலின் தலைமாட்டில் விழும். ராத்திரி இரண்டு மணிக்கு விருந்தினர் போர்வையோடு வெளியே வந்து நின்றால், முதலில் படகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பல சமயம் நாலு தண்ணீர்க் கேனை இடம் மாற்றி வைத்தாலே சொட்டு நின்றுவிடும்!

இந்தச் சொட்டு கொஞ்சநஞ்சமல்ல. புழுக்கமான ராத்திரியில் ஒரு டன் யந்திரம் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும். சில சமயம் அதற்கு மேலும். விடிவதற்குள் ஒரு குடம். ஏ.சி. பிறந்ததே இந்தக் காரியத்துக்குத்தான் என்பது எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்குப் பெருமை தரும் செய்தி. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். 'ஜட்ஜ்' என்ற ஹாஸ்யப் பத்திரிகையை வர்ணத்தில் அச்சிட்டு வந்தார்கள். ஈரமான நாட்களில் காகிதம் உப்பும், உலர்ந்த நாட்களில் சுருங்கும். சிவப்பு ஓரிடத்தில், நீலம் ஓரிடத்தில் விழுந்து படத்தில் இருக்கும் மனிதருக்கு இரண்டு மூக்கு! வில்லிஸ் கேரியர் என்ற இளம் எஞ்சினீயர் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தார். மனிதர்கள் குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்பது பிற்பாடு வந்த யோசனை.

ஆகவே சொட்டு நிற்கக்கூடாது. போகவேண்டிய வழியில் போகவேண்டும். மாதம் ஒரு முறையாவது முன்மூடியைத் திறந்து ஃபில்ட்டர் வலையைக் கழுவி நிழலில் உலர்த்தவேண்டும். படகு தினமும் ஓடினால் வாரம் ஒரு முறை. வடிகுழாயில் பாசி பிடித்து வழவழவென்று ஒரு சவ்வு வளரும். அறையில் ஈர நாற்றம் வந்தால் ஊதுவத்தி கொளுத்துகிறார்கள் சிலர். ஊதுவத்தியால் பாசி போகாது. குழாயைக் கழற்றிக் கழுவவேண்டும்.

இனி, கடல்நீரில் உஷ்ணத்தைக் கொட்டுகிற ஜாதி. பெரியவரின் பிள்ளை கெட்டிக்காரனாக இருந்தால் நாளைக்கு இதற்கும் வந்து சேர்வான். காற்றைவிடத் தண்ணீர் உஷ்ணத்தை வாங்கிக்கொள்வதில் பலே ஆசாமி. ஆகையால் வெளி யூனிட்டே வேண்டியதில்லை. படகின் அடியில் ஒரு துவாரம், அதற்கு ஒரு வால்வு, பிறகு ஒரு வடிகட்டி, பிறகு பம்பு, பிறகு கண்டென்ஸர், கடைசியில் பக்கவாட்டில் ஒரு துவாரம் வழியாக வெளியே. ஒரு டன் யந்திரத்துக்கு நிமிஷத்துக்குச் சுமார் 11 லிட்டர் கடல்நீர் ஓடவேண்டும்.

அந்த 11 லிட்டரில்தான் அதன் உயிர் இருக்கிறது. கடல்நீர் என்றால் வெறும் நீரா? பிளாஸ்டிக் பை வரும், பாசி வரும், சொறி மீன் என்று நம் மீனவர்கள் சொல்லும் ஜெல்லி மீன் வரும். குழாயின் உட்சுவரில் கொட்டலசு ஒட்டிக்கொண்டு வீடு கட்டும். சின்னப் படகுக்குத்தான் இந்தக் கஷ்டம் என்று எண்ணவேண்டாம். கல்பாக்கத்தில் இருக்கிற சென்னை அணுமின் நிலையம் குளிர்விப்பதற்காகக் கடலுக்கடியில் 468 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாகத் தண்ணீர் எடுக்கிறது. அதற்குள் பச்சைச் சிப்பிகள், மலையாளத்தார் கல்லும்மக்காய் என்று ருசித்துச் சாப்பிடுவார்களே அதே ஜாதி, குடியேறி விஞ்ஞானிகளைப் பல வருஷம் ஆராய்ச்சி செய்யவைத்தன. ஜெல்லி மீன் கூட்டமும் அங்கே வடிகட்டித் திரையில் வந்து அப்பியிருக்கிறது. அணுமின் நிலையத்துக்கே அந்தப் பாடு என்றால், கட்டைவிரல் அகலக் குழாய் எம்மாத்திரம்!

வடிகட்டியைத் தினமும் பார்க்கவேண்டும். திறப்பதற்கு முன்னால் அடி வால்வை மூடவேண்டும். மறந்துவிட்டால் கடல் உள்ளே வந்துவிடும். வேலை முடிந்ததும் வால்வைத் திறக்க மறந்தால், பம்பு வறண்டு ஓடி வேகும். பம்பு எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கவேண்டும். அங்கிருந்து குழாய் ஒரே ஏறுமுகமாகப் போகவேண்டும். நடுவில் ஒரு வளைவு மேலெழும்பி இறங்கினால் அங்கே காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் நகராது. பக்கவாட்டுத் துவாரத்திலிருந்து தண்ணீர் விழுகிற வேகத்தைத் தினமும் ஒரு கண் பார்த்துவைப்பது, வைத்தியர் நாடி பார்ப்பது மாதிரி. நேற்றைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்த தண்ணீர் இன்றைக்குப் படகை ஒட்டி வழிந்தால், யந்திரம் நிற்பதற்கு முன்பே நோய் தெரிந்துவிட்டது. வடிகட்டி சுத்தமாக இருந்தும் வேகம் இல்லையென்றால், உள்ளே சுண்ணாம்பும் சிப்பியும் படிந்திருக்கிறது. மிதமான அமிலக் கரைசலைச் சுற்றவிட்டுக் கரைக்கவேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிப் பெரியவர் பயப்படுவது நியாயந்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே பட்டென்று இணைப்பைத் துண்டிக்கும் கசிவுக் காப்பு ஸ்விட்சு இல்லாத படகில் வேலைக்கு ஏறக்கூடாது. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது அலங்காரத்துக்கு அல்ல. மாதம் ஒரு முறை அமுக்கிப் பார்க்கவேண்டும். கரையிலிருந்து ஒயர் இழுத்து மின்சாரம் எடுக்கிறபோது எர்த் இணைப்பையும் சேர்த்து இழுக்கவேண்டும்.

காஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய யந்திரங்களில் ஆர்-22 இருந்தது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மான்ட்ரியல் நகரில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே அது படிப்படியாகக் கழிக்கப்பட்டு, இப்போது புதிய வீட்டு ஏ.சி.களில் பெரும்பாலும் ஆர்-32 வருகிறது. இது லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, காற்றைவிடக் கனமானதும்கூட. வீட்டில் கசிந்தால் வாசற்படி வழியாக வெளியே போகும். படகில் கசிந்தால் பலகைக்கு அடியில், படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். சமையல் அடுப்பு எரிகிற படகில் குழாய்க்குப் பற்றவைக்கிற வேலை கூடவே கூடாது.

இனிமேல்தான் நிஜமாகப் பயப்படவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஏ.சி. வெளியிலிருந்து நல்ல காற்றை இழுத்து உள்ளே அனுப்புகிறது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதுதான் இல்லை! ஸ்பிளிட் ஏ.சி. அறையில் இருக்கிற அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றிக் குளிரவைக்கிறது. அந்தக் காற்றில் ஒரு தடவை விஷம் கலந்தால், விடியும்வரை அதே விஷத்தைச் சுவாசிக்கவேண்டியதுதான். கரை மின்சாரம் இல்லாத இடத்தில் படகு ஏ.சி.யை ஓட்டுவது ஜெனரேட்டர். ஜெனரேட்டர் புகையில் இருப்பது கார்பன் மோனாக்ஸைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிஜனுக்கு இடமில்லாமல் செய்துவிடும். டீசல் யந்திரம் பெட்ரோல் யந்திரத்தைவிட இதைக் குறைவாகவே வெளிவிடும் என்பது வாஸ்தவம். ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நடந்ததை நேயர்கள் படித்திருப்பீர்கள். சாலையோரம் நின்றிருந்த ஒரு காரவான் வண்டிக்குள் அதன் ஓட்டுநரும் உடன் வேலை செய்தவரும் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரை ஓட்டி, ஏ.சி. போட்டுக்கொண்டு இளைப்பாறியிருக்கிறார்கள். கோழிக்கோட்டுத் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிபுணர்கள் ஆராய்ந்ததில், ஜெனரேட்டரின் புகை வண்டியின் தரையில் இருந்த துவாரம் வழியாக உள்ளே நுழைந்தது தெரியவந்தது. நான் முன்பு சொன்ன விருந்தாளி இவர்தான். படகும் காரவானும் இந்த விஷயத்தில் அண்ணன் தம்பி: கீழே யந்திரம், மேலே பலகை, பலகைக்கு மேல் தூக்கம்.

அமெரிக்காவில் பாவல் ஏரியில் 2000-ஆம் வருஷம் ஆகஸ்டில் நடந்தது இன்னும் கொடுமை. திறந்த வெளியில், பட்டப்பகலில், படகு வீட்டின் பின்தட்டுக்கு அடியில் நீந்திக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள் மாண்டுபோனார்கள். ஜெனரேட்டரின் புகை அந்தத் தட்டுக்கு அடியிலேதான் வெளிவந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஆராய்ந்தவர்கள், புகைக்குழாயை நீரோரமாக விடாமல் மேல்தட்டுக்கும் மேலே உயரமாகக் கொண்டுபோகும் ஏற்பாட்டைப் பரிசோதித்துச் சிபாரிசு செய்தார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது பின்பக்கத்தில் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், தண்ணீரில் இறங்கக்கூடாது.

சொட்டுத் தண்ணீரின் வடிகுழாயைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? கடல் படகு ஏ.சி. செய்கிறவர்கள் கொடுக்கும் எச்சரிக்கை இது: வடிகுழாயின் வாய், எஞ்சின் அல்லது ஜெனரேட்டர் புகை வெளிவரும் இடத்திலிருந்து 3 அடிக்குள் இருக்கக்கூடாது, எஞ்சின் அறைக்குள்ளும் இருக்கக்கூடாது. தண்ணீர் இறங்குகிற அதே குழாய் வழியாகப் புகை மேலேறி, குளிர்காற்றோடு கலந்து அறைக்குள் வந்துவிடும். இதை எந்த வீட்டு ஏ.சி. மெக்கானிக்கும் யோசித்திருக்கமாட்டார், வீட்டில் அதற்கு அவசியமே இல்லையே.

இன்னொரு சங்கதி. விருந்தினர் காதில் இரைச்சல் விழக்கூடாது என்று ஜெனரேட்டரை அவர்களிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளுகிறோமோ, அவ்வளவு பக்கத்தில் அது படகோட்டியின், சமையல்காரரின், மெக்கானிக் பையனின் தலைமாட்டுக்கு வந்து சேரும். பெரியவரே, பிள்ளை அடுத்த முறை டெலிபோனில் பேசும்போது சாப்பிட்டாயா என்று கேட்டபிறகு, ராத்திரி எங்கே படுக்கிறாய் என்றும் கேளுங்கள். ஜெனரேட்டருக்கும் அவன் பாய்க்கும் நடுவே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் என்று ஒரு சிறு பெட்டி கடைகளில் கிடைக்கிறது. முதலாளி விருந்தினர் அறையில் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், அவன் தன் தலைமாட்டில் ஒன்று மாட்டிக்கொள்ளட்டும்.

விஷம் ஏறுவதன் அறிகுறிகள் மகா சாதாரணமானவை: தலைவலி, குமட்டல், அசதி, தூக்கம். படகில் போகிறவருக்கு இவை வந்தால் தண்ணீர்ப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, இஞ்சி முரப்பா கொடுத்து, திரும்ப அதே அறையில் கதவைச் சாத்திப் படுக்கவைப்பார்கள். அது கூடாது. ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலி வந்தால், அல்லது வெளியே வந்து நின்றதும் தலைவலி குறைந்தால், உடனே எல்லோரையும் திறந்த வெளிக்கு அழைத்துவந்து, ஜெனரேட்டரை நிறுத்தி, படகைக் கரை சேர்த்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய, விரல் நுனியில் மாட்டுகிற ஆக்ஸிஜன் கருவியை நம்பித் தாமதிக்கவேண்டாம். கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்தையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. மயங்கிக்கொண்டிருக்கிறவர் விரலிலும் அது 98 என்று காட்டும். ஜெனரேட்டர் ஓடிய படகில் தூங்கியவர் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடவேண்டும். ஆக்ஸிஜனை உடனே கொடுக்க ஆரம்பித்துவிட்டு, ரத்தத்தைத் தனியாகப் பரிசோதிப்பார்.